'வாழிடம்' முதல் 'தூய்மைக்கேடு' வரை: ஜோகூர் செய்திகளில் வரும் இயற்கைச் சொற்களுக்கு என்ன பொருள்?

யானை தோட்டத்துக்குள் வந்தது, ஆற்றில் கழிவு கலந்தது, புகைமூட்டம் கூடியது என ஜோகூரிலிருந்து அடிக்கடி செய்திகள் வருகின்றன. அவற்றில் வரும் சில சொற்களைப் பலரும் பொருள் தெரியாமலே கடந்துவிடுகிறோம். பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் 'ஹபிதாத்', 'எகோசிஸ்தெம்' என்று மலாயில் படிக்கிறார்கள். அதையே தமிழில் கேட்டால் யோசிக்கிறார்கள். உங்களுக்கும் அப்படித்தானா? முக்கியமான சில சொற்களை இங்கே பார்ப்போம்.

சூழல் மண்டலம்

உயிரினங்களும் அவை வாழும் மண், நீர், காற்று ஆகியவையும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் முழு அமைப்பே சூழல் மண்டலம். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பொந்தியான் மாவட்டத்தின் தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை இது. இங்குள்ள சதுப்புநிலக் காட்டை மலாயில் 'பாக்காவ்' என்பார்கள். தமிழில் 'அலையாத்தி' என்ற பெயரும் உண்டு. அலையின் வேகத்தை ஆற்றிக் கரையைக் காப்பதுதான் இந்தக் காட்டின் பெரிய வேலை.

தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, சுங்கை பூலாய் மூன்றும் 2003-இல் ராம்சார் தளங்களாக அறிவிக்கப்பட்டன. அனைத்துலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள் என்று அதற்குப் பொருள். 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையிலிருந்து வந்த பெயர் அது.

உணவுச் சங்கிலி

சதுப்புநிலத்தில் விழும் இலையை நண்டு தின்கிறது. நண்டை மீனும் பறவையும் தின்கின்றன. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததும் தடுமாறும். மரத்தை வெட்டினால் மீனவரின் வலைக்கும் பாதிப்பு வருவது இப்படித்தான். பல மீன்களும் இறால்களும் குஞ்சுப் பருவத்தில் வளர்வது அந்த வேர்களுக்கு நடுவேதான்.

வாழிடம்

ஓர் உயிரினம் இரை தேடி, இனம் பெருக்கி வாழும் இயற்கையான இடம். குளுவாங், கோத்தா திங்கி வட்டாரங்களில் "யானை தோட்டத்துக்குள் புகுந்தது" என்று செய்தியில் சொல்கிறோம். அங்கு முன்பு காடு இருந்தது. செம்பனையும் ரப்பரும் பிறகு வந்தவை. யார் இடத்துக்குள் யார் புகுந்தது? பயிரை இழந்த விவசாயியின் வேதனை உண்மை. யானையின் பாதை துண்டானதும் உண்மை. 'வாழிடத் துண்டாட்டம்' என்ற சொல் தேவைப்படுவது இதற்காகத்தான்.

அருகிய இனம், அற்றுப்போன இனம்

இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலாயாப் புலி மிக அருகிய இனம். காட்டில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளதாக மதிப்பிடப்படுகிறது. இன்னும் காப்பாற்றலாம்.

சுமத்ரா காண்டாமிருகத்தின் கதை வேறு. ஒரு காலத்தில் எண்டாவ்-ரொம்பின் காட்டிலும் அது வாழ்ந்தது. நாட்டில் எஞ்சியிருந்த கடைசி விலங்கு 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. மலேசியாவைப் பொறுத்தவரை அது அற்றுப்போய்விட்டது. இந்தோனேசியாவில் மட்டும் சொற்ப எண்ணிக்கையில் இருக்கிறது.

தூய்மைக்கேடு

தமிழ்நாட்டில் 'மாசு' என்பார்கள். நம் நாட்டுச் செய்திகளில் 'தூய்மைக்கேடு' என்றே அதிகம் சொல்கிறோம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. அதன் நெடியால் மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன.

காற்றுத் தூய்மைக்கேட்டை ஐ.பி.யு குறியீட்டால் அளக்கிறார்கள். 50 வரை நன்று, 51 முதல் 100 வரை மிதமானது, 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது. 300-ஐத் தாண்டினால் அபாயம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், 100-ஐத் தாண்டியதுமே வெளியே போவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிக்குச் செடி, பறவை பெயர்கள் நிறைய தெரிந்திருக்கும். இந்த வார இறுதியில் கேட்டுப் பாருங்க. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்க. பெயர் தெரிந்த ஒன்று காணாமல் போனால்தான், "எங்கே அது?" என்று நாம் கேட்போம்.