பெண்ணியக் கொடை

பெண்களின் வாக்குரிமை, கல்வி, உடல்மீதான உரிமை ஆகியவற்றுக்காகப் போராடும் இயக்கங்களுக்குப் பணம் வழங்குதல். ஆதரவற்ற பெண்களுக்குச் சோறும் துணியும் அளிக்கும் அறச்செயலிலிருந்து இது வேறுபட்டது. சட்டத்தையும் அதிகாரத்தையும் மாற்றுவதே இதன் நோக்கம். இங்கு பெரும்பாலும் அமெரிக்க வரலாறே பேசப்படுகிறது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டில் மணமான பெண்ணின் சொத்தும் கூலியும் சட்டப்படி கணவனுடையவை. அதனால் இயக்கத்தின் முதல் பெருந்தொகைகள் ஆண்களிடமிருந்தே வந்தன. பாஸ்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் ஜாக்சன் 1858இல் தம் பெயரை வெளியிடாமல் 5,000 டாலர் தந்தார். எல்லாக் கொடையாளரும் அவரைப்போல் ஒதுங்கி நிற்கவில்லை. 1868இல் பெண்ணுரிமைத் தலைவர்களான சூசன் பி. அந்தோனியும் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் தொடங்கிய ‘தி ரெவல்யூஷன்’ இதழுக்குப் பணம் போட்ட ஜார்ஜ் பிரான்சிஸ் டிரெய்ன், கறுப்பின மக்களை இழிவாகப் பேசிவந்தவர். அடிமை ஒழிப்பு இயக்கத் தோழர்கள் பலர் இதனால் மனம் கசந்தனர். டிரெய்னின் பணமும் விரைவில் நின்றுபோனது. 1870இல் இதழ் கைமாறியபோது மிஞ்சிய 10,000 டாலர் கடனை அந்தோனி ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றி அடைத்தார்.

பெண்கள் சொந்தப் பணத்தோடு வந்தபோது நிபந்தனை அவர்கள் கையில் இருந்தது. ரயில்வே செல்வந்தரின் மகள் மேரி காரெட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளிக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் அளித்தார். ஆண்களுக்கு நிகராகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 1893இல் பள்ளி அப்படியே திறந்தது. கடனில் தத்தளித்த கணவரின் பதிப்பகத்தை அவர் மறைவுக்குப்பின் மீட்டெடுத்த மிரியம் லெஸ்லி, 1914இல் இறந்தபோது தம் சொத்தின் பெரும்பகுதியை வாக்குரிமைப் பணிக்கென்று அவ்வியக்கத் தலைவர் கேரி சாப்மன் கேட்டுக்கு எழுதிவைத்திருந்தார். உயிலை எதிர்த்து வழக்குகள் கிளம்பின. அவற்றின் செலவெல்லாம் போக, சுமார் 10 லட்சம் டாலர் தேறியது. 1917இல் அமைந்த லெஸ்லி ஆணையம் அதைக்கொண்டு ‘தி உமன் சிட்டிசன்’ இதழையும் ஒரு விளம்பரப் பிரிவையும் நடத்தியது. வாக்குரிமை 1920இல் அரசியலமைப்பில் இடம்பெற்றது.

இக்கொடையின் மிகப் பெரிய விளைவு கருத்தடை மாத்திரை எனலாம். உயிரியல் பட்டதாரியும் வாக்குரிமை இயக்கத் தலைவர்களுள் ஒருவருமான கேதரின் மெக்கார்மிக், 1953 முதல் அதை உருவாக்கிய அறிவியலாளர் கிரெகரி பின்கஸின் ஆய்வுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலரைத் தனியாளாகவே செலவிட்டார். மாத்திரை 1960இல் அனுமதி பெற்றது. ஆனால் 1956இல் போர்ட்டோ ரிக்கோவில் அதை விழுங்கிய ஏழைப் பெண்களுக்கு, அது சோதனை என்பதே சரியாகச் சொல்லப்படவில்லை. வரலாற்றின் இந்தப் பக்கத்தை மெக்கார்மிக்கைப் புகழ்வோர் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

செல்வர் ஒருவரின் விருப்பத்தை நம்பியிருந்த நிலை 1970களில் மாறத் தொடங்கியது. பலரிடம் திரட்டி இயக்கங்களுக்குப் பகிரும் பொது நிதியங்கள் தோன்றின: அமெரிக்காவில் மிஸ் அறக்கட்டளை, ஆம்ஸ்டர்டாமில் மாமா கேஷ் (1983), கலிபோர்னியாவில் உலகப் பெண்கள் நிதியம் (1987). பின்னர் அக்ராவில் ஆப்பிரிக்கப் பெண்கள் நிதியமும், 2004இல் கொழும்பைத் தளமாகக் கொண்ட தெற்காசியப் பெண்கள் நிதியமும் வந்தன. ஆயினும் தொகை சிறிதே. வளர்ச்சியில் பெண்ணுரிமைக்கான பன்னாட்டுச் சங்கமான அவிட்டின் ஆய்வில், பெண்கள் அமைப்புகளின் 2010ஆம் ஆண்டு வருமானத்தின் இடைநிலை மதிப்பு வெறும் 20,000 டாலர். அதே 2010இல் உருவான இளம் பெண்ணியர்களுக்கான ஃப்ரீடா நிதியத்தில், யாருக்கு மானியம் என்பதை விண்ணப்பித்த குழுக்களே தங்களுக்குள் வாக்களித்துத் தீர்மானிக்கின்றன.