பிஸ்டனே இல்லாத இன்ஜின், காதைப் பிளக்கும் சத்தம்: மாஸ்டாவின் பழைய ரேஸ் கார்களை ரசிகர்கள் இன்னும் கொண்டாடுவது ஏன்?

ஜப்பானின் யோகோஹாமாவில், துறைமுகத்தை ஒட்டிய எக்ஸ்பிரஸ்வேயில் டைகோகு என்றொரு பார்க்கிங் ஏரியா இருக்கிறது. நெடுஞ்சாலையில் டீ குடிக்க வண்டியை ஓரம் கட்டுவோமே, அந்த மாதிரி இடம்தான். ஆனால் ஆண்டுதோறும் ஜூலை 7-ம் தேதி அங்கே மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார்கள் வரிசை கட்டி வந்து நிற்கும். ஏழாவது மாதம், ஏழாம் தேதி, ஏழாம் எண் கார். ரசிகர்கள் அந்த நாளுக்கு வைத்திருக்கும் பெயர் 'செவன்ஸ் டே'. யாரும் அழைப்பிதழ் அடிப்பதில்லை, மேடையும் போடுவதில்லை. கூட்டம் கை மீறினால் போலீஸ் வந்து இடத்தை மூடிவிடுவதும் உண்டு.

அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியாவில் இதே கூத்து 'செவன்ஸ்டாக்' என்ற பெயரில் பெரிய திருவிழாவாகவே நடந்து வருகிறது. இங்கிலாந்தின் குட்வுட் விழாவில், 2015-ம் ஆண்டு மாஸ்டாவுக்காக வானளாவிய சிற்பமே வைத்தார்கள். அதன் மேல் நின்ற கார்களில் ஒன்று ஆரஞ்சும் பச்சையுமான 787பி.

அந்த 787பி ஸ்டார்ட் ஆகும்போது பக்கத்தில் நிற்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பொத்திக்கொண்டே சிரிப்பார்கள். அப்படி என்னதான் இருக்கிறது இந்தக் கார்களில்?

அடிபம்பும் ஆட்டுக்கல்லும்

வழக்கமான இன்ஜினில் பிஸ்டன், அடிபம்பு மாதிரி மேலும் கீழும் போய் வரும். அந்த ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றித்தான் சக்கரத்தை ஓட்டுகிறார்கள். ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனும் கிடையாது, வால்வும் கிடையாது. வேர்க்கடலை ஓடு போல நடுவில் லேசாக ஒடுங்கிய ஓர் அறை, அதற்குள் பக்கங்கள் கொஞ்சம் உப்பிய முக்கோண ரோட்டார். ஆட்டுக்கல் குழியின் ஓரத்தை உரசிக்கொண்டே குழவி சுற்றுமே, கிட்டத்தட்ட அதே அசைவு. பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையை வெளியே தள்ளுவது என நாலு வேலையும் அந்தச் சுழற்சியிலேயே முடிந்துவிடும். ரோட்டார் ஒரு சுற்று சுற்றினால் இன்ஜின் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றும்.

இன்ஜின் சின்னது, எடை குறைவு, அதிர்வும் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் முக்கோணத்தின் மூன்று முனைகளில்தான். காற்று கசியாமல் இருக்க அங்கே 'ஏபெக்ஸ் சீல்' என்ற மெல்லிய பட்டைகள் இருக்கும். அவை அறையின் சுவரை விடாமல் உரசிக்கொண்டே ஓட வேண்டும். அந்தப் பட்டை தேய்ந்தால் இன்ஜின் காலி. பெட்ரோலும் எண்ணெயும் வேறு கூடுதலாகக் குடிக்கும்.

கம்பெனியைக் காப்பாற்ற வாங்கிய வம்பு

இந்த இன்ஜினைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல். உருவாக்கிய கம்பெனி என்.எஸ்.யு. 1961-ல் அதன் லைசன்ஸை வாங்கியது ஹிரோஷிமாவைச் சேர்ந்த டோயோ கோக்யோ, அதாவது இன்றைய மாஸ்டா. அப்போது ஜப்பான் அரசு, சின்னச் சின்ன கார் கம்பெனிகளை எல்லாம் பெரிய கம்பெனிகளோடு சேர்த்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. வேறு யாரிடமும் இல்லாத ஒரு டெக்னாலஜி கையில் இருந்தால்தான் தனித்து நிற்க முடியும் என்று கணக்குப் போட்டார் கம்பெனித் தலைவர் சுனேஜி மாட்சுடா.

வாங்கிய பிறகுதான் வம்பு தெரிந்தது. கொஞ்ச நேரம் ஓடினாலே அறையின் உள்சுவர் முழுக்கக் கீறல் விழுந்தது. இன்ஜினியர்கள் அதற்கு 'சாத்தானின் நகக்கீறல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1963-ல் கெனிச்சி யாமாமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு இதற்காகவே உட்கார்ந்தது. கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் செய்து பிரச்சினையை அடக்கினார்கள். 1967-ல் இரண்டு ரோட்டார் கொண்ட காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

மக்கள் நம்ப வேண்டுமே? அதற்குத்தான் ரேஸ். 1968-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம், அதாவது மூன்றரை நாள் ஓடும் போட்டிக்கு இரண்டு காஸ்மோக்களை அனுப்பியது மாஸ்டா. ஒன்று கடைசி நேரத்தில் ஆக்சில் கோளாறால் நின்றது. இன்னொன்று நான்காம் இடம் பிடித்தது. நின்ற காரிலும் பழுது இன்ஜினில் இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

அதன் பிறகு ரோட்டரி கார்கள் போகாத ஊர் இல்லை. ஜப்பானில் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஓட்டத்தை 1971-ல் தடுத்து நிறுத்தியது ரோட்டரி சவானா. 1981-ல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் போட்டியை ஆர்எக்ஸ்-7 வென்றது. அமெரிக்காவின் இம்சா போட்டிகளில் அதே காருக்கு 100-க்கும் மேற்பட்ட வெற்றிகள். ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் 12 மணி நேரப் போட்டியில் 1992, 93, 94 என்று ஹாட்ரிக். இன்று எந்தெந்த நாடுகளில் ரோட்டரி வெறியர்கள் அதிகம் என்று பார்த்தால், கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் வரும்.

இதற்கிடையில் மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. என்.எஸ்.யு. வாரண்டி செலவில் நொடித்து ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸும் ஆசையை விட்டது. கடைசி வரை விடாப்பிடியாக நின்ற பெரிய கார் கம்பெனி மாஸ்டா மட்டும்தான்.

1991 ஜூன்: 24 மணி நேரத்தில் என்ன நடந்தது?

பிரான்ஸின் லு மான் 24 மணி நேரப் போட்டிதான் மாஸ்டாவின் பெரிய கனவு. அங்கே அது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1979-ல் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. 1982-ல் 14-ம் இடம். 1990-ல் கொண்டுபோன இரண்டு 787 கார்களும் பாதியில் நின்றன. அடுத்த ஆண்டுக்குப் பிறகு ரோட்டரிக்கு அனுமதி இல்லை என்பது அப்போதே தெரியும். 1991-தான் கடைசி சான்ஸ்.

அந்த ஆண்டு வந்த 787பி-யில் நான்கு ரோட்டார்கள். கொள்ளளவு 2.6 லிட்டர், சக்தி சுமார் 700 குதிரைத்திறன். ஒவ்வொரு ரோட்டாருக்கும் மூன்று ஸ்பார்க் பிளக், தேய்மானம் தாங்கும் செராமிக் சீல். ஆனால் களத்துக்கு வெளியே மாஸ்டா அணி செய்த ஒரு வேலைதான் திருப்புமுனை. ஜாகுவாரும் மெர்சிடஸும் குறைந்தது 1,000 கிலோ எடையோடு ஓட வேண்டும் என்ற விதி இருக்க, மாஸ்டா பேசிப் பேசி 830 கிலோவுக்கு அனுமதி வாங்கிவிட்டது. ஜெயிக்க வாய்ப்பில்லாத அணிதானே என்று மற்றவர்களும் பெரிதாக எதிர்க்கவில்லை. எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சம், பிரேக் மிச்சம், டயர் மிச்சம். போட்டி முழுவதற்கும் இவ்வளவு லிட்டர்தான் என்று எரிபொருள் அளவு இருந்த காலம் அது.

55-ம் எண் கார் 19-வது இடத்திலிருந்து கிளம்பியது. வோல்கர் வீட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ரான்ட் கஷோ மூவரும் மாறி மாறி ஓட்டினார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த மெர்சிடஸ், முடிய சில மணி நேரமே இருக்கும்போது சூடேறி நின்றது. மாஸ்டா முதலிடத்துக்கு வந்தது. கடைசி முறை டிரைவரை மாற்றி ரிஸ்க் எடுக்க விரும்பாத அணி, ஹெர்பர்ட்டையே தொடர்ந்து ஓட்டச் சொன்னது. 362 சுற்றுகள், 4,900 கிலோமீட்டருக்கு மேல். ஜெயித்துவிட்டுக் காரிலிருந்து இறங்கிய ஹெர்பர்ட், உடலில் நீர்ச்சத்து வற்றி அப்படியே சரிந்தார். அவரை மருத்துவ மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதால் வெற்றி மேடையில் நின்றது மற்ற இருவர் மட்டுமே.

ஜப்பானிய கம்பெனி ஒன்று லு மானை வென்றது அதுவே முதல் முறை. டொயோட்டா அடுத்து வெல்ல 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிஸ்டன் இல்லாத இன்ஜின் அங்கே வென்றது அந்த ஒரே ஒரு முறைதான்.

ஜெயித்ததால் தடை செய்தார்களா?

மீம்களிலும் ரீல்ஸ்களிலும் திரும்பத் திரும்ப வரும் கதை இது. 'ஜெயிச்சுட்டாங்கன்னு பொறாமையில தடை பண்ணிட்டாங்க' என்பார்கள். கேட்க சினிமா மாதிரி இருக்கும், உண்மை அப்படி இல்லை. ஃபார்முலா 1 பாணியில் 3.5 லிட்டர் பிஸ்டன் இன்ஜின்களுக்கு மாறுவது என்று 1991 போட்டிக்கு முன்பே முடிவாகிவிட்டது. அந்த விதியில் ரோட்டரிக்கு இடமில்லை. 1992-ல் மாஸ்டாவே வெளியிலிருந்து வாங்கிய வி10 இன்ஜினோடுதான் லு மானுக்கு வந்து, நான்காம் இடம் பிடித்தது.

ஆனாலும் அந்தக் கதை சாகாது. ஜெயித்த மறு ஆண்டே மறைந்துபோன இன்ஜின் என்றால் அதைச் சுற்றி ஒரு சோகம் தானாகவே ஒட்டிக்கொள்கிறது.

சத்தத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ரோட்டரியில் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒரு ரோட்டாருக்கு ஒரு வெடிப்பு. நான்கு ரோட்டார், நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் நொடிக்கு 600 வெடிப்புகள். மெதுவாகத் திறக்கும் வால்வு இல்லாததால், எரிந்த வாயு சட்டென்று வெளியே பாயும். 787பி-யின் அந்த ஊளை கலந்த அலறல் இப்படித்தான் பிறக்கிறது. ரெக்கார்டிங்கில் கேட்பதும் நேரில் கேட்பதும் ஒன்றில்லை. போனில் கேட்டால் கொசு மாதிரிதான் இருக்கும்.

ஜெயித்த கார் இன்று ஹிரோஷிமாவில் மாஸ்டா மியூசியத்தில் நிற்கிறது. அது எப்போதாவதுதான் வெளியே வரும். 2011-ல், வெற்றியின் 20-ம் ஆண்டுக்காகப் பழுது பார்த்து லு மானுக்கே கொண்டுபோனார்கள். ஓட்டியவர் அதே ஜானி ஹெர்பர்ட்.

ஆனால் எவ்வளவு நாளைக்கு? காட்சிக்காக ஓடினாலும் சீல் தேயத்தான் செய்யும். 787பி-யின் இன்ஜின் கடையில் கிடைக்கும் சரக்கு இல்லை, அதன் பாகங்கள் ரேஸுக்கென்றே செய்யப்பட்டவை. அதைக் கையில் பிரித்துக் கோர்த்த தலைமுறைக்கும் வயதாகிவிட்டது. ஓட விட்டால் தேயும், ஓட விடாவிட்டால் அது வெறும் பொம்மை. பழைய ரேஸ் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள தலைவலிதான் இது, ரோட்டரியில் கொஞ்சம் அதிகம்.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. சாலை கார்களின் இரண்டு ரோட்டார் இன்ஜின்களைப் பிரித்து, நீளமான புது ஷாஃப்ட் போட்டு, சொந்தமாக நான்கு ரோட்டார் இன்ஜின் கட்டுகிறார்கள். நியூசிலாந்து டிரிஃப்ட் வீரர் மைக் விடெட் இப்படிப்பட்ட ஆர்எக்ஸ்-7-ஐ வைத்தே உலகம் சுற்றியவர். மாஸ்டாவும் தன் பங்குக்குப் பழைய ஆர்எக்ஸ்-7 கார்களுக்கான சில பாகங்களை மறுபடி தயாரித்துத் தருகிறது. அந்தக் கார்கள் மொத்தம் 8 லட்சத்துக்கும் மேல் விற்றவை என்பதால், பிரித்து எடுக்கப் பழைய இன்ஜின்களுக்கு இப்போதைக்குப் பஞ்சமில்லை.

2012-ல் ஆர்எக்ஸ்-8 தயாரிப்போடு நின்றுபோன ரோட்டரி, 2023-ல் எம்எக்ஸ்-30 காரில் திரும்பி வந்திருக்கிறது. ஒரே ஒரு ரோட்டார். சக்கரத்தை அது ஓட்டாது, பேட்டரிக்குக் கரன்ட் மட்டும் கொடுக்கும்.