புழக்கடைக் கரும்பின் பூர்வீகம்

காணும் பொங்கல் கழிந்த மறுநாள் அம்பத்தூர், ஆவடித் தெருக்களில் கரும்புச் சக்கை குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் நாம் எறிந்துவிடும் கொழுந்தாடையில்தான் அடுத்த ஆண்டுக் கரும்பு உறங்குகிறது. கொழுந்தாடைக்குச் சற்றுக் கீழுள்ள கணுக்களில் இருப்பவை இளம் பருக்கள்; விரைவில் முளைப்பவை. சென்ற தைத்திங்களில் இரண்டு பருக்கள் கொண்ட கரணைகளை நறுக்கிப் புழக்கடை மண்ணில் கிடத்தியபோது, நம் கையில் இருப்பது எவ்வளவு பழைய உயிர் என்னும் எண்ணம் எழுந்தது.

கரும்பைக் குடியானவர் விதையிட்டு வளர்ப்பதில்லை. கரணையிலிருந்து முளைப்பது தாய்க்கரும்பின் பிள்ளையன்று, தாயேதான். எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் எவரேனும் வெட்டி, சுமந்து, ஊன்றினாலன்றி ஒரு கரும்பு வகை நிலைக்காது. நியூகினித் தீவில் மனிதர் பழக்கிய தடித்த கரும்பு உலகெங்கும் பரவியது அவ்வாறே.

இதைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தனர். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும் ஔவையார், கிடைத்தற்கரிய கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்ததை அவன் முன்னோரின் பெருமைகளுள் ஒன்றாக எண்ணுகிறார் (புறநானூறு 99). போர்வெற்றிக்கு நிகராக ஒரு பயிர் பேசப்படுவது சிந்திக்கத் தக்கது. நம் பூவிருந்தவல்லி அடங்கிய தொண்டை நாட்டுக்கும் இதில் பங்குண்டு. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, ஓயாது ஒலிக்கும் கரும்பு எந்திரங்களையும் புகை சூழ்ந்த ஆலைகளையும் காட்டி, வழிச்செல்வோரைச் சாறு பருகச் சொல்கிறது.

அடுத்த பெருந்திருப்பம் கோயம்புத்தூரில் நேர்ந்தது. 1912-இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த 'வெள்ளை'க் கரும்பை நாணல் வகைக் காட்டுப்புல்லோடு கலந்து கோ 205 என்னும் வகையைப் பெற்றனர். 1918-இல் அது வட இந்திய உழவர்க்கு வழங்கப்பட்டது. இனிமையோடு காட்டுப்புல்லின் உறுதியும் சேர்ந்தது. இன்று ஆலைக்குச் செல்லும் கோ 86032 போன்றவை அக்கலப்பு வழி வந்தவை.

ஆலைகள் கலப்பினங்களை நாடிய பின்னரும், மெல்லிய தோலும் மிகுந்த சாறும் உடைய செங்கரும்பு மறையவில்லை. அதைக் காத்து நிற்பது ஆலையன்று, பொங்கல். பண்டிகை ஒன்று பயிர் ஒன்றைக் காப்பாற்றிவருகிறது எனலாம். நம் புறநகர் வயல்கள் மனைகளாகிவிட்டன. எனினும் வெயில் படும் ஆறடி இடமோ பெரிய தொட்டியோ இருந்தால், அந்தக் காவலில் நாமும் பங்கு கொள்ளலாம்.

கரணையை நறுக்கும்போது வெட்டுவாய் சிவந்திருந்தால் ஊன்றாது விலக்குக. அது செவ்வழுகல் நோயாக இருக்கலாம். தாயே மகளாவதால் தாயின் நோயும் உடன் வரும். பருக்கள் பக்கவாட்டில் அமையுமாறு கிடத்தி மெல்லிதாக மண் மூடுக. ஈரம் காக்க, நீர் தேங்க விடற்க. தூர் கட்டியதும் மண் அணைத்து, காய்ந்த சோகையை உரித்து, ஐப்பசி மழைக்காற்றுக்கு முன் விட்டம் கட்டுக. மார்கழி முடிவில் கரும்பு வெட்டுக்கு வரும்.

அப்போது அடியொட்ட வெட்டுக. கட்டை மறுதாம்பாகத் துளிர்க்கும். கொழுந்தாடையையோ அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். அதியமான் முன்னோர் செய்ததும் அதுதானே!