சி.டி. ஸ்கேன்: மூளையைப் படமெடுத்த கணினி

1895இல் ரோண்ட்கன் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்த பிறகு, எலும்பு முறிவைப் பார்ப்பது எளிதாயிற்று. மூளை மட்டும் மருத்துவர்களின் கண்ணுக்கு மறைந்தே இருந்தது. மண்டையோடு படத்தில் விழும்; அதனுள் இருக்கும் மென்திசுக்களின் வேறுபாடு தெரியாது. கட்டி இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், முதுகுத்தண்டில் ஊசி குத்தி மூளையைச் சூழ்ந்த நீரில் சிறிது எடுத்துவிட்டு, அவ்விடத்தில் காற்றைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். பிறகு கடும் தலைவலியும் வாந்தியும் நாள்கணக்கில் நீடிக்கும். இவ்வளவு வேதனைப்பட்டும் கிடைப்பது மறைமுகத் தடயமே: காற்று நிரம்பிய அறைகள் இடம் மாறியிருந்தால், அருகில் ஏதோ அழுத்துகிறது என்று ஊகிக்கலாம்.

இந்நிலையை மாற்றியவர் மருத்துவர் அல்லர். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர், பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். 1950களில் அந்நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் கணினியை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியிருந்தார். பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என அளந்தால், அந்த எண்களைக் கொண்டே உள்ளிருக்கும் குறுக்குவெட்டைக் கணக்கிடலாம் என்று அவர் கருதினார். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 28,000 அளவீடுகள் வேண்டும். கணினி இல்லாமல் இது நடவாத காரியம். தொடக்க ஆய்வகச் சோதனையில் அளவெடுக்கவே 9 நாள்கள் ஆயின. அவற்றைக் கணினி படமாக்க இரண்டரை மணி நேரம் பிடித்தது.

இதற்கான கணித வழியை, தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக் 1963, 1964ஆம் ஆண்டுகளிலேயே கட்டுரைகளாக வெளியிட்டிருந்தார். அவற்றைப் பெரும்பாலும் எவரும் பொருட்படுத்தவில்லை. ஹவுன்ஸ்ஃபீல்டும் அவற்றை அறியாமலேயே தம் வழியில் சென்றார்.

1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மூளைக்கட்டி இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண் முதன்முதலாக இக்கருவியில் படுக்கவைக்கப்பட்டார். அளவீடுகள் காந்த நாடாவில் பதிவாகி, வேறிடத்திலிருந்த கணினிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 80க்கு 80 கட்டங்கள் மட்டுமே கொண்ட அந்தப் படத்தில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. பின்னர் அறுவைச் சிகிச்சையிலும் அது உறுதியாயிற்று.

பீட்டில்ஸ் இசைத்தட்டு விற்ற பணத்தில் பிறந்த கருவி என்று இதைப் பலரும் சொல்வதுண்டு. இ.எம்.ஐ. அந்தக் குழுவின் இசைத்தட்டுகளை விற்றது உண்மையே. ஆனால் பிரித்தானிய அரசின் சுகாதாரத் துறையும் இதற்குக் கணிசமாகச் செலவிட்டது என்பதைச் சுவையான அக்கதை மறைத்துவிடுகிறது.

ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் 1979ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். காற்றைச் செலுத்தும் பழைய முறை வழக்கொழிந்தது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000 என்று திசுக்களின் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு, இன்றைய ஸ்கேன் அறிக்கைகளில் ‘எச்.யு.’ என்ற சுருக்கத்தில் இடம்பெறுகிறது.