1,000 தட்டு, 22 பாட்டு

ஏழு அங்குல இசைத்தட்டு நமக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் ஒரு படத்தின் மூன்று நான்கு பாட்டுகள் அதில் வரும். அதே அளவுத் தட்டில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகர இளைஞர்கள் நால்வர் 22 பாட்டுகளை ஏற்றினார்கள். எல்லாம் சேர்த்தும் இருபது நிமிடம் வராது. நம் சினிமாப் பாட்டில் பல்லவி முடிந்து இடையிசை தொடங்குவதற்குள் இவர்கள் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

குழு உருவானது 1982இல். பாட்டு கர்ட் பிரெக்ட், டிரம்ஸ் அவரோடு பிறந்த எரிக், கிட்டார் ஸ்பைக் காசிடி, பேஸ் டென்னிஸ் ஜான்சன். ஒத்திகை பிரெக்ட் வீட்டில்தான். இரைச்சல் பொறுக்காத அப்பா, உருப்படாத மடப்பயல்கள் என்ற பொருளில் இரைந்த வசவையே பெயராக வைத்துக்கொண்டார்கள்: டர்ட்டி ராட்டன் இம்பெசில்ஸ். சுருக்கமாக டி.ஆர்.ஐ.

தட்டில் ஒலி ஏறும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சத்தம் கூடினால் ஊசி ஓடும் தடம் அகலமாக நெளியும். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சின்னத் தட்டில் நிறைய அடைக்க வேண்டுமென்றால் ஒலியளவைக் குறைத்துத் தடங்களை நெருக்கித்தான் வெட்ட முடியும். சத்தம் போட்டதற்காகத் திட்டு வாங்கிய குழுவின் முதல் தட்டுக்கு இப்படி ஒரு கட்டாயம்! அச்சடித்தது 1,000 பிரதிகள், தங்கள் சொந்தப் பெயரில். பிறகு அதே 22 பாட்டுகள் பன்னிரண்டு அங்குலத் தட்டாக மறுபடி வந்தன. தடங்களுக்கு அப்போதுதான் மூச்சுவிட இடம் கிடைத்தது.

1983இல் பாட்டுகள் ஊர் மாறின. குழு சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. குடி என்று சொல்வதே அதிகம். வேனில்தான் படுக்கை, ஏழைகளுக்கு இலவசமாக உணவு போடும் இடங்களில் சாப்பாடு. டெக்சாஸிலிருந்து அவர்களைப் போலவே அங்கு வந்திருந்த எம்.டி.சி., உள்ளூர் டெட் கென்னடீஸ் முதலிய குழுக்களோடு, அன்றைய அமெரிக்க அதிபர் ரீகனின் ஆட்சியை எதிர்த்து நடந்த 'ராக் அகெய்ன்ஸ்ட் ரீகன்' பயணத்தில் பாடினார்கள். மேடைக்கு ஏற்ற சரக்கு அந்தத் தட்டிலேயே இருந்தது: ரீகனின் பொருளாதாரம், கட்டாய ராணுவச் சேவை, பணத்தின் மீதுள்ள வெறுப்பு.

இவர்களுடையது ராக் இசையின் முரட்டு வகையான ஹார்ட்கோர் பங்க்; வேகம் அதற்குச் சொந்தம். ஆனால் காசிடியின் கிட்டாரில், கனத்த ஒலி கொண்ட மெட்டல் இசையின் வாடை மெல்ல ஏறியது. 1985இல் 'டீலிங் வித் இட்' தட்டு வந்தபோது எரிக் விலகியிருந்தார். டிரம்ஸில் ஃபெலிக்ஸ் கிரிஃபின். வெளியிட்டது ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவை வளர்த்த மெட்டல் பிளேடு நிறுவனத்தின் கிளை. பழைய தட்டின் சில பாட்டுகள் அதில் மறுபடி பதிவாயின. வரிகள் அவையேதான், கிட்டார் மட்டும் கனத்துவிட்டது. பங்க் கூட்டத்துக்கு எழுதிய பாட்டு, நீள்முடி மெட்டல் ரசிகனின் கைக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான். அன்று இரண்டு கூட்டமும் ஒரே அரங்கில் சேர்ந்தால் அடிதடி நடக்கும். விலைபோய்விட்டார்கள் என்று பங்க் ஆட்கள் ஏசவும் செய்தார்கள். எனக்கு அந்த ஏச்சில் நியாயம் தெரியவில்லை. வேனில் படுத்துக் கிடந்தவர்கள் எந்த விலைக்குப் போனார்களாம்?

1987இல் 'கிராஸ்ஓவர்' தட்டு வந்தது. ஒரு டஜன் பாட்டுதான்; ஒவ்வொன்றும் நீண்டது, நிதானமும் கூடியது. மெட்டலின் வேகமான வகையான த்ராஷும் ஹார்ட்கோரும் கலந்த இசைக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மெட்டல் பக்கமும் ஹார்ட்கோரை ரசித்தவர்கள் உண்டு: ஸ்லேயரின் கிட்டார் கலைஞர் ஜெஃப் ஹன்னிமன் ஹார்ட்கோர் பிரியர். 1996இல் ஸ்லேயர் குழு பங்க் பாட்டுகளை எடுத்துப் பாடிய தொகுப்பில் டி.ஆர்.ஐ. பாட்டும் ஒன்று உண்டு.

பெயர் 1987க்குப் போனாலும் வேலை 1985லேயே முடிந்துவிட்டது என்பது என் கணக்கு. புதிதாகக் கேட்க வருகிறவர்கள் 'கிராஸ்ஓவர்' தட்டில் தொடங்க வேண்டாம். முதலில் அந்த 22 பாட்டுகள், அடுத்து 'டீலிங் வித் இட்'. இரண்டிலும் இருக்கும் பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.