ஸ்ட்ராங், பவர்ஃபுல்: ஆங்கில ஒருபொருட்சொற்களை வேறுபடுத்தும் முறை

முன்னுரை

ஆங்கிலம் – தமிழ் அகராதிகள் 'ஸ்ட்ராங்', 'பவர்ஃபுல்' என்னும் இரு சொற்களுக்கும் 'வலிமையான', 'ஆற்றல்மிக்க' என்பன போன்ற ஒத்த பொருள்களையே தருகின்றன. அப்படியானால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்து எழுத முடிய வேண்டும். முடிவதில்லை. தேநீர் ஸ்ட்ராங்காக இருக்கலாம், பவர்ஃபுல்லாக இருக்க முடியாது. காருக்குப் பவர்ஃபுல் பொருந்தும், ஸ்ட்ராங் ஒட்டாது. இத்தகைய சொற்களின் வேறுபாட்டைச் சொற்பிறப்பும் காட்டாது, இலக்கணிகளின் ஆணையும் காட்டாது. ஒவ்வொரு சொல்லும் வழக்கில் எவற்றோடு சேர்ந்து வருகிறது என்பதே காட்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

வேரும் விதியும்

ஒருபொருட்சொற்களை வேறுபடுத்தும் ஐரோப்பிய நூல் மரபுக்கு வழிவகுத்தவர் பிரான்ஸின் கப்ரியேல் ஜிரார்; அவரது நூல் 1718இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 1794இல் ஹெஸ்டர் பியோஸியும் 1816இல் ஜார்ஜ் கிராபும் இத்துறையில் நூல் செய்தனர். பியோஸி, நல்ல உரையாடலில் எச்சொல் எங்கே ஏற்கும் என்று பார்த்தார். கிராபோ சொல்லின் வேரிலிருந்து தொடங்கினார்.

வேருக்கு ஓரளவு பயன் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் பெருகின. லத்தீன் சொற்களும் கல்வி வழியாக வந்து சேர்ந்தன. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலச் சொல், அன்றாடப் பேச்சுக்குரியது; லத்தீன் வழிவந்த 'இன்டராகேட்' விசாரணை அறைக்குரியது. இங்கே வேர், சொல்லின் தரத்தைச் சொல்கிறது. ஆனால் 'ஸ்ட்ராங்' பழைய ஆங்கிலம் என்பதும், 'பவர்' பிரெஞ்சு வழி வந்தது என்பதும் தேநீருக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்லவில்லை.

விதி இன்னும் நம்பத்தகாதது. எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூவர்', எண்ண முடியாதவற்றுக்கு 'லெஸ்' என்று பள்ளிகளில் கற்பிக்கிறோம். இது 1770இல் ராபர்ட் பேக்கர் தம் விருப்பமாகச் சொன்ன கருத்திலிருந்து வளர்ந்தது. அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே ஆல்ஃபிரட் மன்னர் 'லெஸ்' என்பதன் பழைய வடிவத்தை எண்ணக்கூடிய பொருளுக்கு ஆண்டிருக்கிறார். இன்றும் 'பத்து கிலோமீட்டருக்கும் குறைவு' என்னும் பொருளில் ஆங்கிலேயர் 'லெஸ்' என்றே சொல்கின்றனர்.

சேர்க்கை காட்டும் வேறுபாடு

1950களில் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபெர்த், ஒரு சொல்லை அதன் சேர்க்கையைக் கொண்டு அறிய வேண்டும் என்றார். அவர் மாணவர் ஹாலிடே 1966இல் இக்கருத்தை விளக்கத் தேநீர், கார் எடுத்துக்காட்டுகளையே கையாண்டார். 1991இல் கென்னத் சர்ச் குழுவினர் செய்தி நிறுவன உரைத்தொகுப்பைக் கணினியால் ஆராய்ந்து இவ்விரு சொற்களின் துணைச்சொற்களைப் பிரித்துக் காட்டினர்.

இரண்டும் வரக்கூடிய இடமே உரைகல். ஒரு தலைவரின் 'ஸ்ட்ராங்' ஆதரவாளர், பற்றில் உறுதியானவர்; அவருக்குச் செல்வாக்கு இல்லாமலும் இருக்கலாம். 'பவர்ஃபுல்' ஆதரவாளரோ பிறரையும் தம்மோடு அழைத்து வரக்கூடியவர். முதற்சொல் உள்ளிருக்கும் உறுதியைச் சுட்டுகிறது. இரண்டாவது வெளியே செயற்படும் ஆற்றலைச் சுட்டுகிறது. 'வலிமையான ஆதரவாளர்' என்று பெயர்த்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

'காஸ்' என்னும் வினை மற்றொரு சான்று. மொழியியலாளர் மைக்கேல் ஸ்டப்ஸ் 1995இல் காட்டியபடி, அது பெரும்பாலும் சேதம், சிக்கல், மரணம் போன்ற தீயவற்றோடே வருகிறது. தமிழின் 'ஏற்படுத்து' நடுநிலையானது. பாதிப்பையும் ஏற்படுத்தலாம், விழிப்புணர்வையும் ஏற்படுத்தலாம். ஆகவே தமிழ் மாணவர் முன்னேற்றத்துக்கும் 'காஸ்' என்றே எழுதிவிடுகிறார். இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால் படிக்கும் ஆங்கிலேயருக்கு முன்னேற்றமே ஒரு கேடுபோல ஒலிக்கும்.

மறுப்பும் விடையும்

சேர்க்கை என்பது எண்ணிக்கை மட்டுமே, அது பொருளாகாது என்று மறுக்கலாம். எண்ணிக்கை தானே பொருளன்று என்பது உண்மை. ஆனால் ஆதரவாளர் எடுத்துக்காட்டில் நாம் கண்ட உள் – வெளி வேறுபாடு சேர்க்கையைத் திரட்டிய பின்னரே புலப்பட்டது. அகராதிப் பொருளை மட்டும் வைத்து அதை எட்டியிருக்க முடியாது.

இந்த விளக்கத்துக்கும் எல்லை உண்டு. தேநீரும் குடிப்பவரிடம் செயற்படுவதே. ஆயினும் அது பவர்ஃபுல் ஆவதில்லை. மருந்தோ பவர்ஃபுல் ஆகிறது. இவ்விடத்தில் மரபே சொல்லைத் தீர்மானிக்கிறது. அம்மரபைக் கேட்டுத்தான் பெற முடியும் என்பதற்கு நம் தேநீர்க் கடைகளே சான்று. ஆங்கிலம் படிக்காதவரும் அங்கே 'ஸ்ட்ராங்கா ஒரு டீ' என்று கேட்கிறார். அவர் பெற்றது தனிச்சொல்லை அன்று, சேர்க்கையை. அதனால்தான் பிழை நேரவில்லை.

முடிவுரை

ஒருபொருட்சொற்களைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விக்கும் முறையைக் கைவிட வேண்டும். இருமொழி அகராதியில் ஒவ்வொரு பதிவும் தமிழ்ப் பொருளோடு, அச்சொல் இயல்பாக இணையும் நான்கைந்து சொற்களையும், இணையாத ஒன்றிரண்டையும் தர வேண்டும். சொற்றொகுதிகளைத் திரட்ட உரைத்தொகுப்புகள் இன்று உள்ளன. அவற்றுள் தமிழருக்கு எங்கே இடர் நேரும் என்பதைத் தெரிவு செய்வது தமிழறிந்த அகராதியாளரால்தான் இயலும்; நம் பல்கலைக்கழகங்கள் ஏற்றுச் செய்ய வேண்டிய பணி இது.