உரோமரின் முத்தம்

முத்தம் என்றதும் காதலையே எண்ணிப் பழகிவிட்டோம் நாம். பண்டைய உரோமாபுரியிலோ அதற்கு வேறு அலுவல்களும் இருந்தன.

குடும்பத்துப் பெண்களை ஆண் உறவினர் முத்தமிட்டு வரவேற்பது அங்கே பழைய வழக்கம். பாசமென்று மயங்கிவிட வேண்டாம். பெண் மதுவருந்தினாளா என்று மோப்பம் பிடிக்கவே இம்முறை ஏற்பட்டதெனக் கேட்டோ கூறியதாகப் பிளினி எழுதுகிறார். ஆண்கள் தாராளமாகக் குடித்த நாடு அது! மதுவருந்திய மனைவியை அடித்துக் கொன்ற கணவனை ரொமூலஸ் மன்னன் விடுவித்தான் என்ற கதையையும் அவரே தருகிறார். கதை மெய்யோ பொய்யோ, அதைத் தலைமுறைகளாகச் சொல்லி வந்த சமுதாயம் மெய். பிற்காலத்தில் முத்தத்துக்குச் சொத்துரிமையும் உண்டாயிற்று. நிச்சயித்த மணமகன் மணத்துக்கு முன் இறந்தால், முத்தமிடப்பட்ட பெண் அவன் தந்த பரிசிற் பாதியை வைத்துக்கொள்ளலாம். முத்தமிடப்படாதவள் முழுவதையும் திருப்பிவிட வேண்டும். இது கொன்ஸ்தாந்தைன் கி.பி. 336இல் இயற்றிய சட்டம்.

வீட்டுக்கு வெளியே முத்தம் அந்தஸ்தின் அளவுகோலாயிற்று. ஒத்த நிலையினர் முகத்தில் முத்தமிட்டனர். தாழ்ந்தவனுக்குக் கை போதும். கலிகுலா, தன்னால் உயிர் தப்பிய முதியவர் ஒருவர் நன்றி கூற வந்தபோது இடது காலை நீட்டினான். செனெக்கா கொதித்தெழுந்து இதைக் கண்டிக்கிறார். அவமதிக்கப்பட்டவர் கொன்சல் பதவி வகித்தவர் என்பதே அக்கொதிப்பின் பெரும்பகுதி என்று நமக்குப் படுகிறது. அடிமையொருவன் காலில் விழுந்திருந்தால் அது செய்தியாகியிராது. கி.பி. 284இல் அரியணையேறிய டயோகிளீஷியனின் அவையிலோ, மன்னனது ஊதா அங்கியின் ஓரத்தை முத்தமிடுவதே பெரும் பேறாக மதிக்கப்பட்டது.

இந்தப் படிவரிசை யாரை வெளியே நிறுத்தியது என்பதை முதலாம் நூற்றாண்டின் நோயொன்று காட்டிற்று. மோவாயில் தொடங்கி முகமெங்கும் செதிலாகப் படர்ந்த சருமநோய் அது. பிரபுக்களிடையே முத்தத்தால் விரைந்து பரவிய அந்நோய் அடிமைகளையும் எளிய மக்களையும் தீண்டவில்லை என்கிறார் பிளினி. பெண்களையும் தீண்டவில்லையாம், மோப்ப முத்தம் அதற்குள் வழக்கொழிந்தது போலும். எகிப்திலிருந்து வந்த வைத்தியர்கள் முகத்தைச் சுட்டுப் பொருள் குவித்தனர். அக்கித்தேனியாவின் ஆளுநன் ஒருவன் தன் சிகிச்சைக்கு மட்டும் இரண்டு இலட்சம் செஸ்டர்ஸ் கொடுத்தான். அந்நாளில் உரோமப் படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ்.